நோயரின் கடிகாரம்

அமெரிக்க ஒன்றிய நாடுகளின் மருத்துவ உரிமத் தேர்வில் இறுதிப் பகுதியை எழுதும் மருத்துவர் இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே அமர்ந்திருக்கிறார். ஒன்று தேர்வுக்கூடத்தின் கடிகாரம். ஒரு நோயருக்குப் பத்து மணித்துளி அல்லது இருபது மணித்துளி என்று அளந்து கொடுத்துவிட்டு நில்லாமல் ஓடுவது அது. மற்றொன்று திரைக்குள் இருக்கும் கணினி நோயரின் கடிகாரம். அது தானாக நகராது. உடலாய்வு செய்தால் அவ்வாய்வுக்கு வேண்டிய பொழுது அதில் கழியும். அடுத்த ஆய்வு முடிவு வரும்வரை செல்க என்று பணித்தால் அதுவரை சென்று நிற்கும். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னால் ஒரு நொடியில் ஆறு வாரம் கடந்துவிடும். அதற்குள் நோயர் தேறியிருக்கலாம், தளர்ந்தும் இருக்கலாம். அதில் பெரும்பங்கு மருத்துவர் அதற்கு முன் எழுதிவைத்த ஆணைகளைப் பொறுத்தது.

இத்தேர்வுக்கு ஆயத்தமாவோர் பலரும் எந்த நோய்க்கு எந்த ஆய்வு, எந்த நோய்க்கு எந்த மருந்து என்ற பட்டியலைத்தான் முதலில் தேடுகிறார்கள். பட்டியல் வேண்டியதே. ஆயினும் பட்டியலை அறிந்தவர் எல்லாரும் இங்கே சிறந்து விளங்குவதில்லை. எதை முதலில் செய்வது, எந்த முடிவுக்காகக் காத்திருப்பது, எதற்காக ஒரு கணமும் காத்திருக்கக் கூடாது, நோயரை மறுபடி எப்போது பார்ப்பது என்னும் நான்கு கேள்விகளிலேயே வெற்றியும் தோல்வியும் அடங்கிக் கிடக்கின்றன. நான்கும் காலத்தைப் பற்றியவை. எனவே இத்தேர்வுக்கான பயிற்சி என்பது காலத்தைக் கையாளும் பயிற்சி என்றே நான் கொள்கிறேன்.

தேர்வின் அமைப்பை முதலில் சொல்லிவிடுவோம். யு.எஸ்.எம்.எல்.இ. எனப்படும் இவ்வுரிமத் தேர்வு மூன்று படிகளைக் கொண்டது. மாணவர் வழக்கில் 'ஸ்டெப் திரீ' என்று நிலவும் மூன்றாம் படி இரண்டு நாள் நடைபெறும். முதல் நாள் முழுவதும் பல்தெரிவு வினாக்கள். இரண்டாம் நாள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நீள்வது. அதன் முற்பகுதியில் நூற்றெண்பது பல்தெரிவு வினாக்கள். பிற்பகுதியில் பதின்மூன்று கணினி நோயர்கள். இப்பிற்பகுதியையே சி.சி.எஸ். என்று சுருக்கி அழைக்கிறார்கள். இதற்கெனத் தனித் தேர்ச்சி எல்லை கிடையாது. பல்தெரிவு வினாக்களோடு சேர்ந்து ஒரே மதிப்பெண்ணாக முடிகிறது.

தமிழ்நாட்டில் மருத்துவம் பயின்று அமெரிக்கா செல்ல விழைவோருக்கு இம்மூன்றாம் படியில் ஒரு தனிக் கடினம் உண்டு. முந்தைய படிகளின் கணினித் தேர்வுகளை இந்திய நகரங்களிலேயே எழுதலாம். மூன்றாம் படி அமெரிக்க ஒன்றிய நாடுகளிலும் அவற்றின் ஆட்சிப் பகுதிகளிலும் மட்டுமே நடத்தப்படுகிறது. எச்-1பி நுழைவிசைவில் உறைவிட மருத்துவப் பயிற்சியில் சேர விரும்பும் அயல்நாட்டுப் பட்டதாரி, பயிற்சி தொடங்கும் முன்பே இதில் தேறியிருக்க வேண்டும். அமெரிக்காவில் பயின்றவர்கள் பெரும்பாலும் பயிற்சியின் முதல் ஆண்டில், நாள்தோறும் ஆணை எழுதிப் பழகிய கையோடு இதை எழுதுகிறார்கள். நம்மவர் பலர் அந்நாட்டு மருத்துவமனையில் ஒருநாள்கூட ஆணை எழுதாத நிலையில் எழுதுகிறார்கள். இந்த இடைவெளியைப் பயிற்சியால் நிரப்ப முடியும். ஆனால் அப்படியோர் இடைவெளி இருப்பதை முன்னரே உணர்ந்திருக்க வேண்டும்.

திரையில் முதலில் தோன்றுவது நோயரின் வருகைக் காரணம், உயிர்க்குறிகள், வரலாறு ஆகியவை. அதன்பின் மருத்துவர் செய்யக்கூடியவை சிலவே: உடலாய்வு செய்யலாம், ஆணை எழுதலாம், கடிகாரத்தை நகர்த்தலாம், நோயரை இடம் மாற்றலாம். புறநோயர் அறை, வீடு, அவசரப் பிரிவு, உள்நோயர் பிரிவு, தீவிர மருத்துவப் பிரிவு என்பன இடங்கள். ஆணை எழுதும் இடத்தில் தெரிவுகள் ஏதும் தரப்படுவதில்லை. வெறும் கட்டம் ஒன்று இருக்கும். வேண்டியதை மருத்துவர் தாமே தட்டச்சிட வேண்டும். ஆயிரக்கணக்கான சொற்களையும் சுருக்கங்களையும் மென்பொருள் அறிந்து வைத்திருக்கிறது. மருந்தாயின் உடலில் செலுத்தும் வழியையும் ஒருமுறையா தொடர்ந்தா என்பதையும் கேட்கும், அளவைக் கேட்காது.

அந்த வெறுங்கட்டத்தில் ஒரு பெரிய கருத்து ஒளிந்திருக்கிறது. ஐந்து விடைகளைப் பார்த்து அவற்றுள் சரியானதை அடையாளம் காண்பது ஓர் ஆற்றல். ஒன்றுமே இல்லாத இடத்தில் அதே விடையை நினைவிலிருந்து எழுப்புவது வேறோர் ஆற்றல். காய்ச்சலும் கழுத்து விறைப்புமாக வந்தவருக்கு எது தேவை என்ற வினாவின் கீழ் முதுகுத்தண்டுநீர் ஆய்வு என்று எழுதியிருந்தால், அதுவரை நினையாதவரும் அதைக் கண்டதும் நினைத்துக்கொள்வார். நோயரின் நெற்றியில் விடைகள் எழுதப்பட்டிருப்பதில்லை. இதனால்தான் பல்தெரிவு வினாக்களில் வல்லவர் சிலர் இங்கே முதல் மூன்று மணித்துளிகளுக்கு விரல் அசையாமல் திகைத்துப்போகிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவன்று. அடையாளம் காணப் பழகிய அறிவு எழுப்பிக்கொள்ளப் பழகவில்லை.

இத்தேர்வு இவ்வடிவம் பெற்ற கதை அறியத் தக்கது. அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வாளர் வாரியம் 1915இல் நிறுவப்பட்டது. அதன் முதல் தேர்வு 1916இல் வாசிங்டனில் நடந்தது. எழுதியவர் பத்துப் பேர், தேறியவர் ஐவர். அக்காலத் தேர்வில் உண்மையான நோயரின் படுக்கையருகே நின்று தேர்வாளர் கேள்வி கேட்பார், மாணவர் விடையளிப்பார். எழுதுவோர் தொகை ஆயிரக்கணக்கில் பெருகியபின் இம்முறை தடுமாறியது. நோயர்கள் வேறுவேறானவர்கள், தேர்வாளர்களும் வேறுவேறானவர்கள், ஒரே மாணவருக்கு இருவர் தந்த மதிப்பெண்கள் ஒத்துவரவில்லை. ஜான் ஹப்பர்டு தலைமையில் வாரியம் 1960களின் தொடக்கத்தில் படுக்கையருகுத் தேர்வைக் கைவிட்டது.

அதற்கு மாற்றாக வந்தவற்றுள் ஒன்று தாளில் அமைந்த நோயர். நோயரின் வரலாறு அச்சிடப்பட்டிருக்கும். கீழே செய்யத்தக்க செயல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பயனும் மைப்பூச்சால் மூடப்பட்டிருக்கும். மாணவர் ஒரு செயலைத் தேர்ந்து அதற்குரிய மையை அழிப்பானால் தேய்த்தால் பயன் தெரியவரும். தேய்த்ததைத் திரும்ப மூட இயலாது. செய்த செயலைச் செய்யாததாக்க முடியாது என்னும் மருத்துவ வாழ்வின் கடுமையை ஓர் அழிப்பானைக் கொண்டு கற்பித்த அந்த நுட்பத்தை நான் வியந்து போற்றுகிறேன்.

ஆனால் அம்முறையில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தவர் மிகுந்த மதிப்பெண் பெற்றார். முதிர்ந்த மருத்துவர்கள் இரண்டு மூன்று செயல்களிலேயே நோயைக் கண்டுகொண்டு நேரே பண்டுவத்துக்குச் சென்றார்கள். அவர்களுக்கு மாணவர்களை விடக் குறைந்த மதிப்பெண் வந்ததும் உண்டு. முழுமைக்குப் பரிசு தந்த தேர்வு, திறமைக்குத் தண்டனை தந்துவிட்டது. பட்டியலை மனப்பாடம் செய்து அத்தனையையும் ஆணையாக எழுதிவிடலாம் என்று இன்று எண்ணுபவர் கைவிடப்பட்ட அந்தப் பழைய தேர்வுக்கே ஆயத்தமாகிறார்.

இன்னொரு பாடம் ஆய்வுலகிலிருந்து வந்தது. ஆர்தர் எல்ஸ்டைன், லீ ஷுல்மன், சாரா ஸ்பிராப்கா ஆகிய மூவரும் மருத்துவர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதை ஆராய்ந்து 1978இல் நூலாக வெளியிட்டார்கள். நோயரைக் கண்ட சிறிது பொழுதிலேயே மருத்துவர் சில கருதுகோள்களை மனத்தில் அமைத்துக்கொண்டு, அவற்றைச் சோதிக்கவே பின்வரும் கேள்விகளைக் கேட்கிறார் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. ஒரு நோயரிடம் சிறப்பாகச் செயல்பட்ட மருத்துவர் அடுத்த நோயரிடமும் அவ்வாறே செயல்படுவார் என்று உறுதி கூற இயலாது என்பது மற்றொன்று. திறமை என்பது எல்லா நோய்களுக்கும் பொதுவான ஒரே பண்பாக இல்லாமல், அந்தந்த நோயைப் பற்றிய அறிவோடு பின்னிக் கிடக்கிறது. அதனால் ஓரிரு நோயர்களைக் கொண்டு ஒருவரை எடைபோடுவது நேர்மையாகாது. பல நோயர்கள் வேண்டும். தேர்வில் பதின்மூன்று பேர் வரிசையாக வருவதற்குப் பின்னே இவ்வுண்மை நிற்கிறது. மூன்று நோயர்களிடம் நன்றாகப் பழகிவிட்டு முறை பிடிபட்டுவிட்டது என்று பயிற்சியை நிறுத்துபவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கணினியில் இயங்கும் நோயரை உருவாக்க வாரியம் பல பத்தாண்டுகள் உழைத்தது. 1999ஆம் ஆண்டு நவம்பரில் மூன்றாம் படி கணினித் தேர்வாக மாறியபோது இந்நோயர்கள் அதில் இடம்பெற்றார்கள். ஒருவர் எழுதிய ஆணைகளும், அவை எழுதப்பட்ட பொழுதும், வரிசையும், இடமும் முழுமையாகப் பதிவாகின்றன. மதிப்பிடும் முறைக்கு அடிப்படை வல்லுநர்களின் தீர்ப்பு. ஒவ்வொரு நோயருக்கும் எச்செயல் எவ்வளவு நன்மை தருவது, எச்செயல் தேவையற்றது, எச்செயல் தீங்கானது என்று மருத்துவர் குழு ஆராய்ந்து வகுக்கிறது. வாரியத்தின் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரைகளில் நன்மைக்கு மூன்று தரமும், தேவையின்மைக்கும் தீங்குக்கும் மூன்று தரமும் காணப்படுகின்றன. நன்மையான செயலும் காலம் கடந்து செய்யப்பட்டால் மதிப்பு இழக்கும். நோயருக்கு வீணான துன்பமோ இடரோ தரும் செயல் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

இனி ஒரு நோயரை முழுமையாகப் பார்ப்போம். அவசரப் பிரிவுக்கு இருபத்திரண்டு அகவை இளம்பெண் ஒருவர் கொண்டுவரப்படுகிறார் என்று கொள்வோம். இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி, அடங்காத நீர்வேட்கை. நா வறண்டிருக்கிறது. நாடி விரைகிறது. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருக்கிறது. இன்சுலின் செலுத்திக்கொள்பவர் என்று வரலாறு கூறுகிறது. நீரிழிவில் உண்டாகும் கீட்டோன் அமிலமிகை என்பதைப் படித்தவர் யாரும் உடனே கூறிவிடுவார். நோயின் பெயரைக் கண்டறிவதில் இங்கே கடினம் இல்லை. கடினம் அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. தேர்வு எடைபோடுவதும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தையே.

முதல் ஆணைகள் உடலாய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிரைவழி திறப்பு, உப்புநீர்க் கரைசல், விரல்நுனிக் குருதிச் சர்க்கரை, குருதி உப்புகள், குருதி வளி ஆய்வு, கீட்டோன் அளவு, இதய மின்வரைவு ஆகியவற்றை உடனடி ஆணையாக எழுதிவிட்டு, சுருக்கமான உடலாய்வுக்குச் செல்லலாம். தலை முதல் கால் வரையிலான முழு ஆய்வை இப்போது செய்தால் நோயரின் கடிகாரத்தில் அருமையான பொழுது கழிந்துவிடும். பெண் என்பதால் கருவுற்றிருக்கிறாரா என்ற ஆய்வும் வேண்டும். அமிலமிகையைத் தூண்டிவிட்டது எது என்பதும் இப்போதே மனத்தில் எழ வேண்டிய கேள்வி: இன்சுலின் தவறியதா, தொற்று உள்ளதா?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சர்க்கரை மிகுந்திருக்கிறது, இன்சுலின் குறைந்திருக்கிறது, உடனே இன்சுலின் தொடங்கலாமே என்று கை துடிக்கும். ஆனால் இன்சுலின், குருதியில் உள்ள பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளிவிடும். நோயர் வாந்தியாலும் மிகைச் சிறுநீராலும் ஏற்கெனவே உடலின் பொட்டாசியத்தைப் பெருமளவு இழந்தவர். குருதியில் அதன் அளவு இயல்பாகத் தோன்றினாலும் உடலின் இருப்பு குறைந்தே இருக்கும். லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும்போது இன்சுலின் தொடங்கினால் இதயத்தின் துடிப்பொழுங்கு சிதையக்கூடும். எனவே உப்புநீரை உடனே தொடங்க வேண்டும். இன்சுலினோ பொட்டாசிய அளவு தெரியும்வரை பொறுக்க வேண்டும். குறைந்திருந்தால் முதலில் பொட்டாசியத்தை ஈடுசெய்ய வேண்டும். ஒரே நோயரிடம், ஒரே மணி நேரத்தில், ஒரு மருந்துக்கு விரைவும் மற்றொரு மருந்துக்குப் பொறுமையும் தேவைப்படுகின்றன. கடிகாரத்தை அடுத்த முடிவு வரும்வரை மட்டும் நகர்த்த வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்சுலின் தொடங்கியபின் நோயர் தீவிர மருத்துவப் பிரிவுக்குச் செல்கிறார். மணிக்கொரு முறை சர்க்கரை, சில மணிக்கொரு முறை உப்புகள் பார்க்க ஆணை எழுத வேண்டும். சர்க்கரை டெசிலிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியதும் அடுத்த பொறி வருகிறது. சர்க்கரை இறங்கிவிட்டதால் இன்சுலினை நிறுத்தலாம் என்று எண்ணுவோர் பலர். ஆனால் நோய் அமிலமிகை. சர்க்கரை அதன் ஒரு பக்கம்தான். அமிலம் அடங்கும்வரை இன்சுலின் ஓட வேண்டும். சர்க்கரை மேலும் விழாதிருக்கக் கரைசலில் குளுக்கோசைச் சேர்க்க வேண்டும். அமிலம் அடங்கி, நோயர் உண்ணத் தொடங்கியபின், தோலடி இன்சுலினைக் கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே சிரைவழி இன்சுலினை நிறுத்த வேண்டும். உடனே நிறுத்தினால் அமிலமிகை திரும்பிவிடும். அதன்பின் உள்நோயர் பிரிவு, நீரிழிவுக் கல்வி, இன்சுலின் ஏன் தவறியது என்ற உரையாடல்.

இந்த நோயரிடம் முடிவைத் திருப்பும் இடங்கள் மூன்றோ நான்கோதான். கனடாவின் மருத்துவத் தேர்வுக்காக ஜார்ஜ் போர்டாஜும் கார்டன் பேஜும் 1980களில் வகுத்த முறையின் அடிப்படை இதுவே. ஒவ்வொரு நோய்நிலையிலும் மருத்துவர் தவறக்கூடிய, தவறினால் நோயர் துன்புறக்கூடிய சில திருப்பங்களே உண்டு. அவற்றையே சோதிக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். தேர்வாளர்களுக்காக உருவான இக்கருத்து தேர்வு எழுதுபவருக்கும் பெருந்துணை. ஒரு நோயைப் பயிலும்போது நூறு செய்திகளைக் குறித்துவைப்பதைவிட அதன் திருப்பங்களை அறிந்து வைத்துக்கொள்வது மேல்.

இப்போது இதற்கு நேர் எதிரான நோயரைப் பார்ப்போம். புறநோயர் அறைக்கு நடுத்தர அகவைப் பெண்மணி வருகிறார். களைப்பு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை. இங்கே விரைவு வேண்டியதில்லை. முழு உடலாய்வு செய்யலாம். தைராய்டைத் தூண்டும் இயக்குநீரின் அளவைப் பார்க்க ஆணை எழுதி, அவரை வீட்டுக்கு அனுப்பி, முடிவு வந்ததும் மறுபடி வரச் சொல்லலாம். சுரப்பு குறைந்திருந்தால் லெவோதைராக்சின் தொடங்குகிறோம். பிறகு கடிகாரத்தை எவ்வளவு நகர்த்துவது? ஒரு வாரத்தில் மறுபடி அளந்தால் பயன் இல்லை. அம்மருந்தின் அரைவாழ்வு ஏறத்தாழ ஏழு நாள். குருதியில் அது நிலைபெறவும், தூண்டும் இயக்குநீர் அதற்கேற்ப அடங்கவும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆகவே ஆறு வாரம். முந்தைய நோயரிடம் ஒரு மணி நேரம் பாராதிருந்தால் தவறு. இவரிடம் ஒரு வாரத்தில் பார்த்தால் வீண். அரைவாழ்வு பற்றி மருந்தியல் வகுப்பில் எப்போதோ படித்த செய்தி, எத்தனை வாரம் நகர்த்துவது என்ற முடிவாக இங்கே உருவெடுக்கிறது. கடிகாரத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அப்படியோர் உடலியல் காரணம் மனத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒருவர். நெஞ்சில் அடிபட்டு மூச்சுத்திணறி வருகிறார். ஒரு பக்கம் மூச்சொலி இல்லை, தட்டினால் வெற்றொலி மிகுகிறது, கழுத்து நாளங்கள் புடைத்திருக்கின்றன, குருதியழுத்தம் சரிகிறது. நெஞ்சறையில் காற்று அழுத்தமாகத் தேங்கி நுரையீரலையும் இதயத்துக்குத் திரும்பும் குருதியையும் நெருக்குகிறது. இவருக்கு ஊடுகதிர்ப் படம் எடுக்க ஆணையிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர் நோயரை இழக்கிறார். ஊசியால் காற்றை வெளியேற்றி, குழாய் பொருத்தி, அதன்பின் படம். மூளையுறை அழற்சி ஐயத்தில் தலைப் படம் எடுக்க வேண்டி முதுகுத்தண்டுநீர் ஆய்வு தாமதமாகுமானால், குருதி வளர்ப்புக்கு எடுத்துவிட்டு நுண்ணுயிர்க்கொல்லியை உடனே தொடங்க வேண்டும் என்பதும் இவ்வகையே. ஆய்வு முதல், பண்டுவம் பிறகு என்ற வகுப்பறை வரிசை தலைகீழாகும் நோய்நிலைகள் சிலவே. அவற்றைத் தனியே ஒரு தாளில் எழுதிப் பயில்வது நன்று.

செய்யாமை என்னும் திறனையும் பயில வேண்டும். கனமான பொருளைத் தூக்கியபின் இடுப்புவலி, வேறு எச்சரிக்கைக் குறி இல்லை, நரம்பாய்வு இயல்பு. இவருக்குக் காந்த அதிர்வுப் படம் தேவையில்லை. வலிதணிப்பு, இயங்கிக்கொண்டே இருக்க அறிவுரை, சில வாரம் கழித்து மீள்பார்வை. இவ்வளவே. ஏதாவது விட்டுப்போயிற்றோ என்ற அச்சத்தில் ஆணைகளை அடுக்குபவர் தேர்வில் மட்டும் இடறுவதில்லை. நாளை அவரிடம் வரும் நோயர் வீண் செலவும் வீண் அச்சமும் சுமப்பார். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை: அச்சத்தால் எழுதப்படும் ஆணை அறியாமையால் எழுதப்படும் ஆணையைப் போலவே தீயது.

அப்படியானால் பட்டியல்கள் எதற்கு? அவை முதல் மணித்துளியின் திகைப்பை நீக்க உதவும். நிலைகுலைந்து வரும் எவருக்கும் மூச்சுவழி, மூச்சு, குருதியோட்டம் என்று தொடங்கி, சிரைவழி திறப்பு, இதயத் துடிப்புக் கண்காணிப்பு, குருதி உயிர்வளி அளவு ஆகியவற்றைக் கைப்பழக்கமாக எழுதிவிட்டால், அதற்குள் சிந்தனை தெளிந்துவிடும். இசைப் பயிற்சியில் சரளி வரிசை செய்யும் வேலையை இங்கே பட்டியல் செய்கிறது. அதைக் கடந்தே இராகம் பாட முடியும். தொடக்கத்துக்கு அப்பால், ஒவ்வோர் ஆணைக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

மென்பொருளைப் பழகுவது அறிவோடு தொடர்பில்லாத சிறு செய்தியாகத் தோன்றலாம். அவ்வாறு எண்ணி விட்டுவிட்டவர்கள் வருந்துகிறார்கள். தேர்வு நடத்துவோரே பயிற்சிக்கான மென்பொருளையும் மாதிரி நோயர்களையும் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறார்கள். கடிகாரத்தை நகர்த்தும் வழிகள், நோயரை இடம் மாற்றும் முறை, வேண்டாத ஆணையை நீக்குவது ஆகியவற்றைத் தேர்வு நாளில் முதன்முதலாகப் பார்க்கக் கூடாது. ஆணைகளைத் தட்டச்சிடுவதிலும் விரைவு வேண்டும். இந்திய மருத்துவமனை வழக்கில் உள்ள வணிகப் பெயர்களை விட்டு, மருந்தின் பொதுப்பெயரை எழுதப் பழக வேண்டும். பொதுப்பெயர்களிலும் சில அங்கே வேறுபடும்: பாரசிட்டமால் என்று நாம் சொல்வதை அமெரிக்கர் அசிட்டமினோபென் என்கிறார்கள். அட்ரினலின் அங்கே எபிநெப்ரின்.

நோயரின் கதை சிலபோது கொடுத்த பொழுது தீரும் முன்பே முடிந்துவிடும். அதனால் தேறினோம் என்றோ தவறினோம் என்றோ கொள்ளலாகாது. இறுதி இரண்டு மணித்துளி தனியாக வரும். அப்போது கடிகாரத்தை நகர்த்தவோ முடிவு பார்க்கவோ முடியாது. ஆணைகளைச் சேர்க்கலாம், நீக்கலாம். புகைப்பதை நிறுத்த அறிவுரை, தடுப்பூசி, அகவைக்கு ஏற்ற நோய்த் தேடல் ஆய்வுகள், தேவையற்றுப்போன மருந்தை நீக்குதல் ஆகியவற்றுக்குரிய இடம் அது. நோய் அடங்கியபின் மனிதரைப் பார்க்கும் இடம் என்றும் சொல்லலாம்.

இத்தேர்வால் அளக்க முடியாதவையும் உள்ளன. கணினி நோயர் பேசுவதில்லை. கேட்க வேண்டிய வரலாறு எழுத்தில் கொடுக்கப்பட்டுவிடுகிறது. உடலாய்வில் மருத்துவரின் விரல்கள் எதையும் தொடுவதில்லை. கல்லீரல் வீங்கியிருக்கிறது என்று திரை சொல்லிவிடுகிறது. முன்பு இரண்டாம் படியின் ஒரு பகுதியாக, பயிற்சி பெற்ற நடிகர்கள் நோயர்களாக அமர்ந்து பேசும் நேர்முகத் தேர்வு இருந்தது. 2004இல் தொடங்கிய அது பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2021 சனவரியில் முற்றிலும் கைவிடப்பட்டது. அதன் செலவும் பயணச் சுமையும் அயல்நாட்டினருக்குப் பெரிதாக இருந்தன என்பது உண்மை. எனினும், நோயரின் முகத்தைப் பார்த்துப் பேசும் திறனை உரிமத் தேர்வு இனி நேரடியாகப் பார்ப்பதில்லை என்பதை நான் இழப்பாகவே கருதுகிறேன். அத்திறனைக் கல்லூரிகளும் பயிற்சி மருத்துவமனைகளும்தான் இனிக் காக்க வேண்டும்.

கடைசியாக, தனியே பயில்வதைவிட இருவராகப் பயில்வது இங்கே மிகுந்த பயன் தரும். ஒருவர் நோயரின் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் வெறுந்தாளில் ஆணை எழுத வேண்டும். எழுதியவர் 'முடிவு வரும்வரை காத்திருக்கிறேன்' என்றால், கடிகாரம் வைத்திருப்பவர் 'அந்த முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் குருதியழுத்தம் இவ்வளவுக்கு விழுந்துவிட்டது' என்று சொல்லலாம். 'நாளை பார்க்கிறேன்' என்றால், 'ஏன் நாளை? ஏன் இன்றிரவு இல்லை? ஏன் அடுத்த வாரம் இல்லை?' என்று கேட்க வேண்டும். விடை சொல்ல முடியாத இடத்தில் நூலைத் திறக்க வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். கடிகாரத்தை வைத்திருப்பவருக்கே நோயின் போக்கு முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், ஆணை எழுதுபவரை விட அவர் மிகுதியாகக் கற்கிறார். மருத்துவமனைப் பணிக்கு நடுவே ஒரு நாளைக்கு இரண்டு நோயர்களுக்கு மேல் இவ்வாறு பார்க்க முடியாமல் போகலாம். ஒருவர் அவசரப் பிரிவிலிருந்தும் மற்றவர் புறநோயர் அறையிலிருந்தும் வருமாறு பார்த்துக்கொண்டால் போதும்.